அங்கார் என்னும் ஆண்டவன்

அவன் கட்சி ஆண்டது 3 ஆண்டு, 8 திங்கள், 20 நாள். அந்நாட்களுக்குள் மாண்டவர் தொகை 15 இலட்சத்துக்குக் குறையாது என்கின்றனர் ஆய்ந்தறிந்தோர். 20 இலட்சம் வரை இருக்கும் என்போரும் உளர். நாட்டின் மக்கள்தொகையோ 80 இலட்சத்தையும் எட்டாதது! நால்வர் ஐவர் வாழ்ந்த வீடெனில், வீட்டுக்கு ஒரு பிணம். நிலம் நடுங்கி நேர்ந்த சாவா? கொள்ளைநோய் கொண்டுபோன உயிர்களா? கடல் புகுந்து கொண்ட பலியா? அல்ல, அல்ல! ஓர் அரசு தன் குடிகளைத் தன் கையாலேயே, தன் கொள்கையின் பெயராலேயே கொன்று குவித்த கணக்கு இது.

நாடு கம்போடியா. 1975 ஏப்ரல் 17-ஆம் நாள் தலைநகர் புனோம் பென்னைக் கைப்பற்றிய கட்சிக்குச் செயலாளன், 1976 ஏப்ரல் முதல் அந்நாட்டின் தலைமை அமைச்சன், 1979 சனவரியில் எல்லைக் காட்டுக்கு ஓடிய தலைவன் போல் போட். 'ஆண்டவன்' என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு: நாட்டை ஆண்டவனையும் குறிக்கும்; கடவுளையும் குறிக்கும். அவன் வரலாற்றைக் கூற இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எம்மொழியில் கிடைக்கும்?

தோழர்களே! இந்தப் பெயர் நம் முகத்தில் அடிக்கடி வீசப்படுகிறது. "விகாரையை மூடினான், துறவியரை விரட்டினான், கடவுளை மறுத்தான், கண்டீர்களா அதன் விளைவை! கடவுளை மறந்தவன் ஆட்சி கொலைக்களத்தில்தான் முடியும்" என்று எக்காளமிடுகிறார் பக்தர். நம் அணியில் சிலரோ, அந்தப் பெயர் எழுந்ததும் பேச்சை மாற்றுகின்றனர். "அமெரிக்கக் குண்டின் விளைவு" என்கின்றனர். "மேலைநாட்டு ஏடுகளின் மிகை" என்கின்றனர். "அவன் மெய்யான பொதுவுடைமையனே அல்லன்" என்று மெல்ல நழுவுகின்றனர். பக்தர் கையில் அந்தப் பெயர் தடி. தோழர் சிலர் வாயில் அது பூட்டு.

தடிக்கு அஞ்சவும் வேண்டா. வாய்க்குப் பூட்டிடவும் வேண்டா. அவன் வரலாற்றை விரித்து வைத்துப் படிப்போம். அங்கே நாம் காணப்போவது கடவுளை ஒழித்த ஒருவனை அன்று. கடவுள் அமர்ந்திருந்த நாற்காலியைக் காலி செய்து, அதைத் துடைத்து, அதில் தன் கட்சியை அமர்த்தி, அதற்கு நரபலி கொடுத்த பூசாரியைக் காணப்போகிறோம்!

அரண்மனை நிழலில் ஒரு 'தொழிலாளி'

பெற்றோர் இட்ட பெயர் சலோத் சார். 1925-இல், கம்போங் தோம் நகருக்கு அருகே ஒரு சிற்றூரில், நிலபுலன் உடைய உழவர் குடியில் பிறந்தான். அவன் குடும்பத்துப் பெண்டிர் மன்னன் மோனிவோங்கின் அந்தப்புரத்தில் இடம்பெற்றவர்கள். அண்ணன் சுவோங் அரண்மனைப் பணியில் இருந்தவர். அந்த நிழலில்தான் சிறுவன் தலைநகர் வந்தான். ஏறத்தாழ ஓராண்டு புத்த மடத்தில் இளந்துறவி. பிறகு கத்தோலிக்கப் பள்ளியில் மாணவன். 1949-இல் அரசின் உதவித்தொகை பெற்று, வானொலிப் பொறிநுட்பம் படிக்கப் பாரிசு சென்றான். தேர்வில் தோற்றான், உதவித்தொகை நின்றது. 1953 சனவரியில் தாயகம் திரும்பியவன் கையில் பட்டம் இல்லை. பாரிசின் பொதுவுடைமையர் வட்டத்தில் கற்ற பாடம் நெஞ்சில் இருந்தது.

அந்த ஆண்டு நவம்பரில் பிரெஞ்சு ஆதிக்கம் அகன்று கம்போடியா விடுதலை பெற்றது. சலோத் சார், புனோம் பென்னில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியனானான். பிரெஞ்சு இலக்கியமும் வரலாறும் கற்பித்தான். மென்மையான குரல், சினவாத முகம், தெளிந்த பேச்சு என்றே அவனிடம் படித்தவர்கள் பின்னாளில் நினைவு கூர்ந்தனர்.

இதைக் குறித்துக் கொள்ளுங்கள். கொடியவன் என்றால் கோரைப் பல்லும் கொப்பளிக்கும் கண்ணும் உடையவன் என்று புராணம் நமக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறது. அந்தப் படத்தை நம்பியவன் ஏமாந்தான்! நூற்றுக்கணக்கான இளைஞர் மதித்த ஆசிரியன், நயமாகப் பேசிய நாகரிகன், பின்னாளில் ஒரு நாட்டையே சுடுகாடாக்கினான். அரக்கரைத் தேடிக்கொண்டிருந்தால் ஆபத்து எந்த வாயில் வழியாக வருகிறது என்பதைக் காணாமல் போவோம்.

1960 செப்டம்பர் இறுதியில், புனோம் பென் இரயில் நிலையத்தின் ஓர் அறையில் 21 பேர் மறைவாகக் கூடினர். கட்சி புத்துருப் பெற்றது. 1962-இல் கட்சித் தலைவர் தூ சமுத் மறைந்தார். சலோத் சார் பொறுப்பேற்றான். 1963-இல் செயலாளனாகி, காவல் துறையின் கண்ணுக்குத் தப்பிக் காடேகினான்.

குண்டும் மணலும்

அந்தக் காட்டில் இருந்த சிறு கூட்டம் ஒரு நாட்டையே வென்றது எப்படி? இங்கே நாம் நேர்மையோடு பேச வேண்டும். கம்போடிய உழவனின் குறைகள் கற்பனை அல்ல. கடன் இருந்தது, ஊழல் இருந்தது, நகரத்தின் செழிப்புக்கும் நாட்டுப்புறத்தின் வறுமைக்கும் இடையே பள்ளம் இருந்தது. 1969 மார்ச்சு முதல் 1973 ஆகஸ்டு 15 வரை அமெரிக்க வான்படை அந்நாட்டின் மீது கொட்டிய குண்டுகளின் எடை 5 இலட்சம் டன்னுக்கு மேல். வியட்நாமியப் படையைத் தேடி வீசிய குண்டுகள் என்றனர். விழுந்த இடங்களிலோ வயலும் வீடும் இருந்தன. தாயை இழந்த மகன் துப்பாக்கி கேட்டு வந்தால், அதைக் கொடுக்கக் காட்டில் ஆள் இருந்தான். இந்தக் குற்றத்தை வாசிங்டன் கழுவிக்கொள்ள முடியாது.

1970 மார்ச்சு 18-ஆம் நாள் தளபதி லோன் நோல், நாட்டுத் தலைவர் சிகானூக்கைக் கவிழ்த்தார். பீகிங்கில் அடைக்கலம் புகுந்த சிகானூக், முன்பு தாம் வேட்டையாடிய கெமர் ரூஜ் கூட்டத்தோடு கைகோத்தார். தெய்வத்தின் மறுவுரு என்று குடியானவன் கும்பிட்ட அரசகுலம், "காட்டுக்குச் செல்லுங்கள், படையில் சேருங்கள்" என்று வானொலியில் அழைத்தது. கும்பிட்ட கைகள் துப்பாக்கி ஏந்தின.

எதிரே லோன் நோல் என்ன செய்தார்? தலைநகரைக் காக்க மந்திரித்த மணலை வானூர்தியிலிருந்து நகரைச் சுற்றித் தூவச் செய்தார் என்று வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். சோதிடரைக் கேட்டுப் போர் நடத்தினார். தம் போரை நாத்திகருக்கு எதிரான புனிதப் போர் என்றார். "கடவுளை மறந்ததால் வந்த கேடு" என்று நமக்குப் பாடம் நடத்தும் பக்தரே! கடவுளை மறவாத தளபதி நகரைக் காத்த அழகு இதுதான். ஒருபுறம் மணலை நம்பிய மடமை. மறுபுறம், வரப்போகும் புதிய நம்பிக்கை. நடுவில் நசுங்கினர் மக்கள்.

நகரம் வெறுமையானது

1975 ஏப்ரல் 17. கருப்பு உடை அணிந்த இளம் படையினர் புனோம் பென்னுக்குள் நுழைந்தனர். போர் ஓய்ந்தது என்று மக்கள் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் ஒரு பகல்கூட இல்லை. "அமெரிக்கர் குண்டு வீசப் போகின்றனர், இரண்டு மூன்று நாளைக்கு வெளியேறுங்கள்" என்று ஆணை பிறந்தது. அகதிகளால் பெருகி ஏறத்தாழ 20 இலட்சம் பேரைத் தாங்கிய நகரம் சில நாட்களில் வெறுமையாயிற்று. மருத்துவமனையில் கிடந்தவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போயினர். கருவுற்றவர் வழியில் ஈன்றனர். முதியவர் வழியில் வீழ்ந்தனர். குண்டு வரவில்லை, திரும்பிச் செல்லும் ஆணையும் வரவில்லை.

பணம் ஒழிந்தது, சந்தை ஒழிந்தது, அஞ்சல் ஒழிந்தது, பள்ளி ஒழிந்தது. தேசிய வங்கிக் கட்டடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. விகாரைகள் களஞ்சியங்களாயின, துறவியரின் காவி உடை களையப்பட்டது. தலைநகரின் கத்தோலிக்கப் பேராலயம் இடிக்கப்பட்டது. சாம் முஸ்லிம்கள் தம் மறையையும் மொழியையும் பெயரையும் கைவிடப் பணிக்கப்பட்டனர், மறுத்தவர் மாண்டனர். எஞ்சியிருந்த வியட்நாமியர் தேடித் தேடிக் கொல்லப்பட்டனர்.

1976-இல் அரசமைப்புச் சட்டம் வந்தது. அதில் ஒரு விந்தை! குடிமகன் எவனும் எந்த மதத்தையும் வணங்கலாம். எதையும் வணங்காமலும் இருக்கலாம் என்று 20-ஆம் பிரிவு உரிமை வழங்கியது. அடுத்த மூச்சிலேயே, 'பிற்போக்கு மதங்கள்' அனைத்துக்கும் தடை என்றது. எது பிற்போக்கு? அதை முடிவு செய்பவர் யார்? சட்டம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முடிவு செய்ய ஒருவர் இருந்தார். அவர் பெயர் அங்கார்.

காணாத கண், பிழையாத வாய்

'அங்கார்' என்றால் கெமர் மொழியில் 'அமைப்பு' என்று பொருள். மக்கள் அறிந்த அரசு அது ஒன்றே. அங்கார் ஆணையிட்டது, அங்கார் அழைத்தது, அங்கார் அள்ளிக் கொடுத்த கஞ்சியைக் குடித்தனர். அங்கார் எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியாது. அதன் முகம் எது? யாரும் கண்டதில்லை. அன்னாசிப் பழத்தைப் போல் அதற்கு உடலெங்கும் கண் என்று மக்கள் அஞ்சி முணுமுணுத்தனர். தாய் தந்தையைவிட அங்காரே பெரிது என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டது. 'அங்கார் அழைக்கிறது' என்று கூட்டிச் செல்லப்பட்டவர் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

தோழனே, எண்ணிப் பார். கண்ணுக்குப் புலப்படாதது, எங்கும் நிறைந்தது, எல்லாம் அறிந்தது, தவறே செய்யாதது, கேள்வி கேட்டால் ஒறுப்பது, பாவத்தை அறிக்கையிடச் சொல்வது, உயிர்ப்பலி கேட்பது! இந்த இலக்கணத்தை நாம் எங்கே படித்திருக்கிறோம்? எந்தப் புராணத்தில், எந்தத் திருமறையில், எந்தக் கோயில் தலவரலாற்றில் இது இல்லை? விகாரையை மூடியவன் வழிபாட்டை மூடவில்லை. சிலையை உடைத்தவன், சிலைக்குப் பின்னால் இருந்த அச்சத்தை அப்படியே எடுத்துத் தன் கட்சி அலுவலகத்தில் வைத்துக்கொண்டான்.

தலைவனும் அப்படியே மறைந்திருந்தான். 1976-இல் தலைமை அமைச்சன் என்று 'போல் போட்' அறிவிக்கப்பட்டபோது, அப்படி ஒருவனை உலகம் கேள்விப்பட்டதில்லை. ரப்பர்த் தோட்டத் தொழிலாளரின் பேராளன் என்றனர்! அரண்மனை நிழலில் வளர்ந்து பாரிசில் படித்த ஆசிரியன், ஒரே இரவில் பால்வடிக்கும் தொழிலாளியானான். நாட்டை ஆள்வது பொதுவுடைமைக் கட்சி என்பதையே 1977 செப்டம்பர் இறுதியில்தான், ஐந்து மணி நேரம் நீண்ட உரையில் அவன் வெளியிட்டான். ஆண்டு இரண்டரை ஆன பிறகு, ஆளும் கட்சியின் பெயர் குடிமக்களுக்குத் தெரிந்தது!

1978-இல் சொந்த அண்ணன் சுவோங், ஊர்ப் பொது உணவுக்கூடத்தில் மாட்டப்பட்டிருந்த தலைவரின் படத்தைப் பார்த்தார். திகைத்தார். தம் வீட்டில் வளர்ந்த தம்பி! தம்மையும் தம் ஊரையும் வாட்டி வதைக்கும் ஆட்சியின் தலைவன் அவன் என்று அன்றுதான் அவர் அறிந்தார். சிற்பி செதுக்கிய கல் கோயிலுக்குள் சென்றபின் சிற்பிக்கே தொடவொண்ணாத சாமியாகிவிடும். இங்கே தம்பி அண்ணனுக்குச் சாமியானான்.

மூன்று டன் மந்திரம்

இனி, இவன் பகுத்தறிவாளனா என்பதை ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம். அந்த உரைகல் நெல்.

1977 முதல் 1980 வரை நான்காண்டுத் திட்டம் தீட்டினர். எக்டேருக்கு மூன்று டன் நெல் விளைய வேண்டும் என்பது முழக்கம். அதுவரை அந்நாட்டில் சராசரியாக விளைந்ததோ ஏறத்தாழ ஒரு டன். மும்மடங்குக்கு வழி? உரம் உண்டா? உழவு மாடு போதுமா? பொறியாளர் இருந்தனரா? படித்தவரை ஐயத்துக்குரியவர் என ஒதுக்கினர், பலரைக் கொன்றனர். புரட்சி உணர்வு இருந்தால் விளையும் என்றனர். கால்வாய் வெட்டினர், அணை கட்டினர். நீரின் ஓட்டம் அறிந்தவனைக் கேளாமல் கட்டிய அணைகள் பல, மழை வந்ததும் உடைந்தன.

நெல் விளையவில்லை. குறைத்துச் சொன்னால் தலை போகும் என்று அஞ்சிய வட்டாரத் தலைவர்கள், விளைந்ததாகப் பொய்க் கணக்கு எழுதினர். பொய்க் கணக்குக்கு ஏற்ற பங்கை மேலிடம் எடுத்துச் சென்றது. விளைவித்தவன் வட்டிலில் கஞ்சி. கஞ்சியில் எண்ணக்கூடிய பருக்கை! பஞ்சம் வந்தது வானத்தால் அன்று. கணக்கில் கண்ட நெல்லைக் களத்தில் காணாதபோது, கணக்கை நம்பியதால்.

அறிவுள்ளவன் என்ன செய்வான்? "என் திட்டம் தவறு" என்பான். சோதனை பொய்த்தால் கருத்தை மாற்றுவது அறிவியல். போல் போட் என்ன செய்தான்? "திட்டம் பிழையாகாது, உள்ளே பகைவர் புகுந்துவிட்டனர், கட்சியின் உடம்பில் நோய்க்கிருமிகள் உள்ளன" என்றான். வேள்வி நடத்தியும் மழை பெய்யவில்லையென்றால் வேள்வியை ஐயுறுவாரா புரோகிதர்? "யாரோ தீட்டுப்பட்டவன் உள்ளே வந்துவிட்டான்" என்று ஆளைத் தேடுவார். அதே மனம்! அதே தேட்டம்! புரோகிதர் தேடிய தீட்டுக்காரன் ஊருக்கு வெளியே துரத்தப்பட்டான். போல் போட் தேடிய தீட்டுக்காரன் உயிரோடு எஞ்சவில்லை. பகுத்தறிவு அங்கே ஆட்சி செய்யவில்லை, தோழர்களே. பகுத்தறிவுதான் அங்கே முதற் பலி.

பள்ளிக்கூடம் சிறையானது

புனோம் பென்னில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. அதன் இன்றைய பெயரை உலகம் அறியும்: துவோல் சிலெங். அப்பள்ளியின் வகுப்பறைகளைச் செங்கற் சுவரால் சிறு சிறு அறைகளாகத் தடுத்தனர். மாடித் தாழ்வாரத்தில் முள்வேலி கட்டினர். உள்ளிருப்போர் குதித்துச் சாகும் உரிமையும் பெறாதிருக்க. மாணவர் உடற்பயிற்சி செய்த மரச் சட்டம் சித்திரவதைத் தூணாயிற்று. 'எஸ்-21' என்று அதற்கு மறைபெயர். அதன் தலைவன் டூச். முன்பு கணக்கு ஆசிரியன். அவனுக்கும் மேலே காவல் பொறுப்பில் இருந்த சோன் சென் ஆசிரியர் பயிற்சித் துறையில் இருந்தவன். உச்சியில் வீற்றிருந்த தலைமை அமைச்சனும் ஆசிரியன்.

கரும்பலகைக்கு முன் நாள்தோறும் நிற்பவன் நான். இந்த ஆசிரியர் வரிசையைப் படிக்கும்போது தலை குனிகிறது. படிப்பு மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தப் படிப்பு? விடையை மனப்பாடம் செய்யச் சொல்லிக் கேள்வியை அடக்கும் படிப்பா? அந்தப் படிப்பு எஸ்-21-க்கு எழுத்தர்களைத் தந்தது. அங்கே ஒவ்வொரு கைதிக்கும் படம் எடுத்தனர், எண் இட்டனர், ஒப்புதல் அறிக்கையை எழுதச் செய்தனர், பிழை இருந்தால் திருத்தி மீண்டும் எழுதச் செய்தனர். விடைத்தாள் திருத்துவது போலவே! அடியும் மின் அதிர்ச்சியும் பொறுக்க மாட்டாமல், தான் அமெரிக்காவின் ஒற்றன் என்றும் வியட்நாமின் கையாள் என்றும் எழுதிக் கொடுத்தான் கைதி. எழுதி முடித்தவனைக் கொன்றனர். 12,000 பேருக்குக் குறையாமல் அச்சிறையால் உயிரிழந்தனர் என்று பின்னாளில் நீதிமன்றம் உறுதி செய்தது. உயிரோடு மீண்டவர் மிகச் சிலர்.

உள்ளே வந்தவர் யார்? முதலாளிகளா? முன்னாள் அரசின் அலுவலர் முதலில் வந்தனர். பிறகு வந்தவர்களில் பெரும்பாலோர் கட்சிக்காரர்களே! போல் போட் அமைச்சரவையில் செய்தித் துறை அமைச்சராக இருந்த ஹூ நிம் 1977 ஏப்ரலில் அங்கே கொண்டுவரப்பட்டார், சூலையில் கொல்லப்பட்டார். புரட்சிக்கு உயிரையே தரத் துணிந்தவனின் உயிரைப் புரட்சியே பறித்தது. பிழையாத தெய்வம் ஒன்றை ஏற்றுக்கொண்டால், அடுத்த பாவி யார் என்ற கேள்விக்கு விடை 'நான்' என்று ஒருநாள் வந்தே தீரும்.

இலண்டனில் கற்பித்த மால்கம் கால்டுவெல் என்ற அறிஞரின் கதையும் ஒரு பாடம். நாம் போற்றும் ஒப்பிலக்கணக் கால்டுவெல் அல்லர் இவர், 20-ஆம் நூற்றாண்டினர். அகதிகள் சொன்ன கொடுமைகளை மிகை என்று மறுத்து, போல் போட்டுக்காக எழுதியவர். 1978 டிசம்பரில் அழைப்பின் பேரில் புனோம் பென் சென்றார். தலைவனை நேரில் கண்டு உரையாடினார். அன்றிரவே தங்கியிருந்த விடுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுடச் செய்தவர் யார் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால், காண மறுத்த கண்கள் எங்கே மூடின என்பதில் வேறுபாடு இல்லை.

பழம்பெருமையும் பன்னாட்டு நீதியும்

மற்றொரு மயக்கமும் அவனிடம் இருந்தது. அங்கோர் கோயிலின் கோபுரங்களைத் தன் கொடியில் பொறித்தான். அங்கோரைக் கட்டிய இனத்தால் ஆகாதது எதுவும் இல்லை என்று 1977-இல் முழங்கினான். கோயில் கட்டியது யார்? மன்னன் பெயர் கல்வெட்டில் இருக்கிறது; கல் சுமந்தவன் முதுகு மண்ணில் மறைந்தது. பழைய மன்னனின் கல்லைப் போற்றியவன், புதிய அடிமையின் முதுகைத் தேடினான். பழம்பெருமை ஊக்கம் தரலாம். அது திட்டமாகாது, உரமாகாது, உணவாகாது.

1978 டிசம்பர் இறுதியில் வியட்நாமியப் படை எல்லை கடந்தது. 1979 சனவரி 7-இல் புனோம் பென் வீழ்ந்தது. போல் போட் தாய்லாந்து எல்லைக்கு ஓடினான். அவனை வீழ்த்தியதும் ஒரு பொதுவுடைமை நாடே என்பதைப் பக்தர் மறைப்பார். அவனைத் தாங்கிநின்றதும் ஒரு பொதுவுடைமை நாடான சீனமே என்பதைத் தோழர் சிலர் மறைப்பர். நாம் இரண்டையும் சொல்வோம். மூன்றாவதையும் சொல்வோம்: 1979-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் கம்போடியாவின் இருக்கை, ஓடிப்போன அந்த ஆட்சிக்கே தொடர்ந்து கிடைத்தது. சீனமும் அமெரிக்காவும் ஒருசேர ஆதரித்தன. மனித உரிமை பேசிய நாடு, மண்டையோட்டுக் குவியலின் பேராளனுக்கு நாற்காலி போட்டது! 1980-இல் இந்தியா புனோம் பென்னின் புதிய அரசை ஏற்றது, சீனமும் அமெரிக்காவுமோ இசையவில்லை.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவன் காட்டில் வாழ்ந்தான். 1997 சூனில், தன் நெடுநாள் தோழன் சோன் சென்னைக் குடும்பத்தோடு கொல்லச் செய்தான். அதனால் வெகுண்ட எஞ்சிய கூட்டமே அவனைப் பிடித்து, சூலையில் 'மக்கள் மன்றம்' கூட்டி வாழ்நாள் காவலில் வைத்தது. அவ்வாண்டு அக்டோபரில் செய்தியாளர் ஒருவர் கேட்டபோது, தன் மனச்சான்று தூயது என்றான். 1998 ஏப்ரல் 15-இல் இறந்தான். கழித்துப்போட்ட டயர்களோடும் குப்பையோடும் எரித்தனர். பன்னாட்டு ஒத்துழைப்போடு அமைந்த நீதிமன்றம் டூச்சுக்கு 2010-இல் தண்டனை வழங்கி, 2012-இல் அதை வாழ்நாள் சிறையாக்கியது. 2018-இல் நுவோன் சியா, கியூ சம்பான் இருவரையும் இனப்படுகொலைக் குற்றவாளிகள் என்றது. தலைவன் மட்டும் எந்த நீதிமன்றத்தையும் நேரில் காணாமல் தப்பினான்.

நாம் சொல்ல வேண்டிய விடை

பக்தருக்கு நம் விடை இது. ஐயா, கடவுளை மறுத்ததால் அவன் கொல்லவில்லை. கேள்வியை மறுத்ததால் கொன்றான். கேள்வியை மறுப்பது நும் மடத்தின் மரபு. எம் பாசறையின் மரபன்று. நும் ஆண்டவனையும் கேட்போம், அவன் ஆண்டவனையும் கேட்போம். அவன் கொன்ற துறவிக்கும் சாம் முஸ்லிமுக்கும் கண்ணீர் வடிக்கிறோம். வணங்குகிறவனைக் கொல்வது பகுத்தறிவன்று. வணங்குகிறவனோடு வாதாடுவதே பகுத்தறிவு. வாதத்தில் வெல்ல முடியாதவன்தான் வாளைத் தேடுவான்.

நழுவும் தோழர்களுக்கும் ஒரு சொல். அமெரிக்கக் குண்டு உண்மை. அதைச் சொல்லுங்கள், உரக்கச் சொல்லுங்கள். ஆனால் துவோல் சிலெங்கின் செங்கல்லை அமெரிக்கன் அடுக்கவில்லை. "அவன் மெய்யான பொதுவுடைமையன் அல்லன்" என்கிறீர்கள். "மெய்யான பக்தன் தீங்கு செய்யான்" என்று மதவாதி சொல்லும்போது நகைக்கிறோமே, அதே வாதத்தை நாம் எடுத்தாளலாமா? ஏழையின் பெயரால் ஆண்டவன் ஏழையைக் கொன்றான் என்று சொல்லும் துணிவு, ஏழைக்காகப் பேசுகிறவனுக்கே முதலில் வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவன் பேச்சை ஏழை எப்படி நம்புவான்?

இளைஞனே! கொள்கை உயர்ந்ததாக இருக்கலாம். தலைவர் தூயவராக இருக்கலாம். இயக்கம் மக்களுக்காகவே பிறந்ததாக இருக்கலாம். ஆயினும் சில கேள்விகளை மடியில் முடிந்துவைத்துக் கொள். இங்கே தலைவர் தவறினார் என்று எழுந்து சொல்ல முடிகிறதா? சொன்னவன் மறுநாள் வீடு திரும்புகிறானா? கணக்குக் கேட்டால் கணக்கு வருகிறதா, அல்லது கேட்டவனின் குலமும் குறிக்கோளும் ஆராயப்படுகின்றனவா? திட்டம் தோற்றால் திட்டம் மாறுகிறதா, அல்லது துரோகி தேடப்படுகிறானா? இக்கேள்விகளைக் கோயிலில் கேள், கட்சியில் கேள், கேட்கவே கூடாது என்று எங்கே சொல்கிறார்களோ அங்கே உரக்கக் கேள்.

புனோம் பென்னின் அந்தப் பள்ளியில் இன்று சுவர் நிறையப் படங்கள். சிறை புகுந்த நாளில் எடுக்கப்பட்ட முகங்கள். ஆணும் பெண்ணும், கிழவரும் குழந்தையும், கட்சிக்காரரும் கட்சியறியாதவரும் நேரே நோக்குகின்றனர். அவர்களைக் கொன்ற ஆட்சி, கேள்வி கேட்டவனையெல்லாம் பகைவன் என்றது. நாம் கட்ட விரும்பும் சமுதாயம், கேள்வி கேட்பவனையே தன் காவலன் என்று சொல்லட்டும்!